எலிகண்ட் மாப்பிள்ளைக்குத் தையல்கார மாமன் சொன்னது

வா மருமவனே, ஒக்காரு. அந்த ஸ்டூல்ல வேண்டாம், அதுல ஊசி கெடக்கு. ஒன் கல்யாண பயோடேட்டாவை ஒங்கம்மா நேத்து எங்கிட்ட குடுத்துட்டுப் போனா. "அண்ணே, பய என்னமோ இங்கிலீஷ்ல எழுதியிருக்கான், நல்லாருக்கான்னு பாத்துச் சொல்லு"ன்னா. பாத்தேன். கண்ணாடியைத் தொடச்சிட்டு இன்னொருக்காப் பாத்தேன். உசரம், படிப்பு, நட்சத்திரம் எல்லாம் சரிதான். சம்பளத்தைக் கொஞ்சம் நீளமா வெட்டியிருக்கே. அதை எல்லா மாப்பிள்ளையும் செய்வான், கல்யாணத்துக்குப் பொறவு பொண்ணு வீட்டுல பிடிச்சுச் சரி பண்ணிருவாங்க. ஆனா தலைப்புல 'எலிகண்ட்', நடுவுல 'எலிகண்ட் பெர்சனாலிட்டி', அடியில 'எலிகண்ட் ஃபேமிலி'ன்னு போட்டு வச்சிருக்கியே, அதை வாசிச்சுக் காட்டுனதும் ஒங்க அத்தை பயந்துட்டா. "எலி கண்ட குடும்பம்னு நாமளே எழுதிக் குடுத்தா எவன் பொண்ணு தருவான்?"னு கேக்குதா.

'தையல்காரருக்கு எதுக்கு இங்கிலீஷ்'னு நீ வாய்க்குள்ள முனங்குதது எனக்குக் கேக்குது. மத்த வார்த்தையெல்லாம் ஒனக்கே இருக்கட்டும். இந்த ஒரு வார்த்தையில மட்டும் எனக்குப் பட்டா இருக்கு. எழுதிக் குடுத்தவரு ஆரு தெரியுமா? ஐன்ஸ்டீன்! அவரோட சார்புத் தத்துவத்தைச் சாதாரண சனங்களுக்கு வெளக்கி ஒரு சின்னப் புத்தகம் போட்டாரு. 1916 டிசம்பர்ல அதுக்கு முன்னுரை எழுதுதாரு. வெளங்கணுமேன்னு சொன்னதையே பல தடவை சொல்லியிருக்கேன், எலிகண்ஸைப் பத்திக் கொஞ்சமும் கவலைப்படலை, அந்தச் சமாச்சாரத்தைத் தையல்காரனுக்கும் செருப்புத் தைக்கிறவனுக்கும் விட்டுரணும்னு போல்ட்ஸ்மான் சொன்னபடி நடந்துக்கிட்டேன்னு அதுல ஒரு வார்த்தை போட்டு வச்சாரு. போல்ட்ஸ்மான் வியன்னாவுல பெரிய விஞ்ஞானி. ரெண்டு மேதைங்க சேந்து எங்க தொழிலுக்கு எழுதி வச்ச சொத்து இது. எங்கிட்ட கேக்காம நீ எப்படி பயோடேட்டாவுல போடலாம்? இன்னொரு பங்காளி எதுத்தாப்புல செருப்புக் கடை வச்சிருக்காரு. போறப்ப அவருகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டுப் போ.

மத்ததெல்லாம் நம்ம கடைத் திண்ணையில சாயங்காலம் வந்து ஒக்காருவாரே, ரிட்டயர் ஆன இங்கிலீஷ் வாத்தியாரு, அவரு சொன்னது. அவரு சட்டைக்கு நான் கூலி கேட்டதில்ல, பாடத்துக்கு அவரு பீஸ் கேட்டதில்ல. நான் ஒரு சட்டைக்குக் காஜா எடுத்து முடிக்கிறதுக்குள்ள ரோமாபுரியை முடிச்சிருவாரு.

இந்த வார்த்தை பொறந்ததே அந்த ரோமாபுரியிலதான். லத்தீன்ல, ஒரு குவியல்ல இருந்து ஒண்ணைப் பொறுக்கி எடுக்கதுன்னு ஒரு வினை. அதுல இருந்து வந்தது 'எலிகான்ஸ்'. எலிகான்ஸ்னா பொறுக்கி எடுக்கிற ஆளு. சிரிக்காதலே. நீ எழுதுனதை நேர்த் தமிழ்ல எழுதிப் பாரு: பொறுக்கி மாப்பிள்ளை, பொறுக்கிக் குடும்பம். நான் கேலி பண்ணலை. அந்தக் காலத்து ரோமானியனும் இதைக் கிட்டத்தட்ட அப்படித்தான் வச்சிருந்தான். ரெண்டாம் நூற்றாண்டுல அவுலஸ் கெல்லியஸ்னு ஒருத்தரு, ஆதென்ஸ் பக்கத்துல குளிர்கால ராத்திரியெல்லாம் முழிச்சிருந்து குறிப்பு எழுத ஆரம்பிச்சு, அதுக்கு 'அட்டிக் இரவுகள்'னே பேரு வச்சாரு. கேட்டோ காலம் வரைக்கும் இந்த வார்த்தை பாராட்டே கெடையாது, உடுப்புலயும் சாப்பாட்டுலயும் ரொம்ப நொரநாட்டியம் பண்ணுத ஆளைத் திட்டுத வார்த்தைன்னு அதுல இருக்கு. கேட்டோ கி.மு. 234ல பொறந்தவரு, வெவசாயத்தைப் பத்திப் புத்தகமே எழுதுன ஆளு, நம்ம கட்சி. ஒங்க அத்தையை ஜவுளிக்கடைக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருக்கியா? ரேக்குல இருக்க கட்டையெல்லாம் பிரிச்சுப் போடச் சொல்லி, மடிக்கிற பையன் மூச்சு வாங்குதப்ப, முதமுதல்ல காட்டுன சேலையையே எடுத்துட்டு வருவா. கேட்டோ மட்டும் அந்தக் கடை கல்லாவுல இருந்திருந்தா "ஏட்டி எலிகான்ஸ், வெளிய போ"ன்னுருப்பாரு.

பொறவு காலம் மாறிப் போச்சு. பொறுக்கி எடுக்கவனுக்கு விவரம் இருக்குல்லான்னு எவனோ ரோசிச்சிருக்கான், வசவு மெல்ல மெல்லப் பாராட்டாயிட்டு. நீரோ மன்னன் சபையில பெட்ரோனியஸ்னு ஒருத்தனுக்கு எலிகண்ஸ் நாட்டாமைன்னே பட்டம் குடுத்து வச்சிருந்தாங்க. எது ருசி, எது அழகுன்னு அவன் தலையாட்டுனாத்தான் நீரோவுக்குத் திருப்தி. அவன் பகல்ல தூங்குவான், ராத்திரியிலதான் ஜோலி பாப்பான்னு டாசிட்டஸ்ங்கிற ரோமானிய சரித்திரக்காரரு எழுதியிருக்காரு. ஒன் ஷிஃப்ட்டுதான். கி.பி. 66ல பொறாமைக்காரன் ஒருத்தன் கோள் மூட்டி, நீரோ கோவத்துக்கு ஆளானான். சாகுறது நிச்சயம்னு தெரிஞ்சதும் கை நரம்பை அறுத்துக் கட்டுப் போட்டான், அவுத்தான், திரும்பக் கட்டுனான். அதுக்கு நடுவுல சேக்காளிகளோட பேச்சு, பாட்டு. தத்துவம் கித்துவம் எதுவும் வேண்டாம்னுட்டான். நீரோ பண்ணுன அசிங்கத்தையெல்லாம் பட்டியல் போட்டு முத்திரை வச்சு நீரோவுக்கே அனுப்பி வச்சான். மூணு லட்சம் செஸ்டர்ஸ் வெலையுள்ள ஒரு கரண்டி வச்சிருந்தான். அது மன்னன் கைக்குப் போயிரக் கூடாதுன்னு ஒடச்சுப் போட்டுட்டுச் செத்தானாம். வாத்தியாரு இந்தக் கதையைச் சொல்லுதப்ப மட்டும் நான் பெடலை நிப்பாட்டிருவேன்.

பிரெஞ்சு வழியா பதினஞ்சாம் நூற்றாண்டுக் கடைசியில இந்த வார்த்தை இங்கிலீஷுக்குள்ள வந்து சேந்துச்சு. அங்க இதுக்கு ஒரு ஆளைக் காட்டுன்னா பிரம்மலைத்தான் காட்டுவாங்க. ஜார்ஜ் பிரம்மல். ஊரு வச்ச பேரு 'போ' பிரம்மல். போன்னா பிரெஞ்சுல அழகன்னு அர்த்தமாம். நம்ம ஊருல போன்னா போதான். கடைசியில அவன் நம்ம அர்த்தத்துக்குத்தான் வந்து சேந்தான், பொறுமையாக் கேளு.

1778ல லண்டன் டவுனிங் தெருவுல பொறந்தான். பிரபு வம்சமெல்லாம் இல்ல. அப்பா, பிரதம மந்திரி நார்த் பிரபுவுக்குக் காரியதரிசி. ஈட்டன்ல படிச்சு, ஆக்ஸ்ஃபோர்டை எட்டிப் பாத்துட்டு, வேல்ஸ் இளவரசரோட குதிரைப்படையில போயிச் சேந்தான். இளவரசருக்குப் பயலைப் பிடிச்சுப் போச்சு. கொஞ்ச வருசத்துல படையை மான்செஸ்டருக்கு மாத்துனாங்க. ஆலைப் புகைக்குள்ள போயி எவன் குப்பை கொட்டுவான்னு ராஜினாமா பண்ணிட்டான். ஒன்னை ஓசூருக்கு மாத்துனப்ப நீ ஜுரம்னு லீவு போட்டியே, அவன் அந்தப் பொய்கூடச் சொல்லலை.

அந்தக் காலத்துல பெரிய மனுசன்னா எப்படி உடுத்துவான்? பட்டுக் கோட்டு, அதுல சரிகை, கை நுனியில லேஸு, முட்டி வரைக்கும் காற்சட்டை, செருப்புல பளபளன்னு பக்கிள், தலையில மாவு. ஆமா, மாவுதான். தலைமயிருக்கு மாவு பூசாம வெளிய வர மாட்டான். 1795ல சர்க்காரே அந்த மாவுக்கு வருசம் ஒரு கினி வரி போட்டுச்சு. சென்ட்டு வாசனை வேற. குளிக்கிறது மட்டும் கொறச்சல்.

பிரம்மல் புதுசா ஒண்ணும் மாட்டலை. இருந்ததை ஒவ்வொண்ணாக் கழட்டிப் போட்டான். மாவு போச்சு, லேஸு போச்சு, சரிகை போச்சு, சென்ட்டு போச்சு. மிஞ்சினது கருநீலத்துல ஒரு கம்பளிக் கோட்டு, மங்கலான மஞ்சள் வெயிஸ்ட் கோட்டு, காலோட ஒட்டின பேண்ட்டு, மினுங்குற பூட்ஸு, கழுத்துல வெள்ளைத் துணி. தினமும் குளிச்சான், சவரம் பண்ணுனான், பல்லு தேச்சான். துணியை ஊருக்கு வெளிய நல்ல காத்துள்ள எடத்துல வெளுக்கக் குடுத்தான். வாசனைக்குன்னு வேற ஒண்ணும் வேண்டாம், வெளுத்த துணியே போதும்னான். ஊரே ஆன்னு பாத்துச்சு. இளவரசர் அவன் டிரெஸ் பண்ணுததைப் பாக்கதுக்குன்னே காலம்பர அவன் வீட்டுல வந்து ஒக்காருவாராம்.

இதுல தையல்காரன் கண்ணுக்குத்தான் தெரியுத ஒரு விசயம் இருக்கு. பட்டுக் கோட்டுல நீ தோளைக் கோணலா வெட்டினாலும் சரிகை வந்து மூடிரும். சரிகையே இல்லாத கம்பளிக் கோட்டுல ஒரு தப்பு வெட்டு விழுந்தா ஊர் முழுக்கத் தெரியும். ஆனா கம்பளிக்கு ஒரு கொணம் உண்டு. ஈரத்துணி போட்டு, சூடான பெட்டி வச்சு இழுத்தா நீளும், அமுக்குனா சுருங்கும். நெஞ்சு மேட்டுக்கும் முதுகுக் குழிக்கும் தக்கன வளைச்சுப் பிடிக்கலாம். பட்டு இதுக்கெல்லாம் மசியாது. இங்கிலாந்துத் தையல்காரங்க கையில இந்த வித்தை ஊறிக் கெடந்துச்சு. வெஸ்டன், மேயர், இன்னும் ஷ்வைட்சர் அண்டு டேவிட்சன்னு அவனுக்குத் தச்சவங்க பேரெல்லாம் இன்னைக்கும் புத்தகத்துல இருக்கு. இன்னைக்கு ஒன் ஆபீஸ் மேனேஜர் போட்டுருக்க கோட்டும் பேண்ட்டும் இருக்கே, அதுக்கெல்லாம் பாட்டன் அந்தக் கருநீலக் கோட்டுதான்.

கழுத்துத் துணிக் கதையைக் கேளு. அதுக்கு முன்னால எல்லாவன் கழுத்துலயும் அது தொளதொளன்னு தொங்கிக்கிட்டு கெடந்துச்சு. பிரம்மல் அதுக்கு லேசாக் கஞ்சி போட்டான். கஞ்சி போட்ட துணியை ஒரே மூச்சுல கட்டணும். மடிப்பு தப்பிருச்சுன்னா பிரிச்சுத் திரும்பக் கட்ட மாட்டான், தூக்கிப் போட்டுட்டு வேற எடுப்பான். ஒரு நாளு அவன் வேலைக்காரன் கை நெறையக் கசங்கின துணியைத் தூக்கிக்கிட்டுப் படி எறங்கி வந்தானாம். "என்னய்யா இது?"ன்னு கேட்டதுக்கு, "இதெல்லாம் எங்களுக்குத் தப்பிப் போனது"ன்னானாம். அவன் டிரெஸ் பண்ணி முடிக்க மணிக்கணக்காகும். அம்புட்டு நேரம் மெனக்கெட்டு வெளிய வந்தா, ஒண்ணுமே மெனக்கெடாதவன்னு ஊரு நெனைக்கணும். கள்ளப்பய, எப்படிப்பட்ட வேசம் பாத்தியா? பையனுக்கு உடுப்புச் செலவு வருசத்துக்கு என்னாகும்னு ஒரு அம்மா கேட்டதுக்கு, சிக்கனமா இருந்தா 800 பவுன்ல முடிச்சிரலாம்னு சொன்னதா ஒரு கதை உண்டு. கைத்தொழில்காரனுக்கு வாரத்துக்கு ஒரு பவுன் கெடைச்சாப் பெருசுன்னு இருந்த காலம் அது.

ஆனா அவன் சொன்னதா சொல்லுதாங்களே ஒரு பேச்சு, அதை நம்ம கடைச் சுவத்துல எழுதிப் போடலாம். தெருவுல போறவன் ஒன்னைத் திரும்பிப் பாத்தான்னா நீ ஒழுங்கா உடுத்தலை. ஒண்ணு வெறப்பு ஜாஸ்தி, இல்ல இறுக்கம் ஜாஸ்தி, இல்லாட்டி ஃபேஷன் ஜாஸ்தி. இப்பம் நீ போன்ல காட்டுனியே ரிசப்ஷன் கோட்டு, அதைத் திரும்ப எடு பாப்போம். காலர்ல மினுமினுப்பு. நெஞ்சுல தங்கச் சங்கிலி. தோள்ல கல்லு. பையில ரோஸ் கைக்குட்டை. மேடையில ஃபோட்டோக்காரன் பொண்ணையும் ஒன்னையும் விட்டுட்டுக் கோட்டைத்தான் எடுப்பான். அதுக்கு 'எலிகண்ட் இண்டோ வெஸ்டர்ன்'னு கடைக்காரன் சீட்டு ஒட்டியிருக்கான். ரோசமில்லாத பய.

பிரம்மல் என்ன ஆனான்னு சொல்லுதேன். திமிரு ஏறிப் போச்சு. 1813ல ஒரு விருந்துல இளவரசர் வந்தாரு. பக்கத்துல நின்ன ஆல்வன்லி பிரபுவுக்கு வணக்கம் சொன்னாரு, பிரம்மலைக் கண்டும் காணாத மாதிரி போனாரு. இவன் சத்தமா, "ஆல்வன்லி, ஆருய்யா ஒன் தடிச்ச சேக்காளி?"ன்னு கேட்டுட்டான். அம்புட்டுத்தான். நாட்டுக்கே ராஜாவாகப் போற ஆளைக் குண்டன்னு சொல்லிட்டுக் கடனும் வாங்கிக்கிட்டு எத்தனை நாளு தாங்கும்? சூதாட்டம் வேற. 1816 மே மாசம் ஒரு ராத்திரி ஆப்பராவுல தலையைக் காட்டிட்டு, அப்படியே வண்டியேறிக் கடல் தாண்டி பிரான்ஸ்ல இருக்க கலேக்குப் போயிட்டான். அங்க போயிட்டா இங்கிலாந்துக் கடன்காரன் ஜெயில்ல போட முடியாது. வீட்டுல இருந்த சாமானெல்லாம் ஏலத்துக்குப் போச்சு.

இதைவிட ஒரு கூத்து இருக்கு. 1830ல சேக்காளிங்க பரிதாபப்பட்டு, கான்ங்கிற பிரெஞ்சு ஊருல பிரிட்டிஷ் துணைத்தூதர் உத்தியோகம் வாங்கிக் குடுத்தாங்க. இந்த ஊருக்குத் தூதரே தேவையில்லன்னு இவனே மேலிடத்துக்கு எழுதிப் போட்டான். யோக்கியன்னு மெச்சி நல்ல ஊருக்கு மாத்துவாங்கன்னு கணக்கு. மேலிடம் யோசிச்சுப் பாத்துச்சு, சரிதான்னு பதவியையே எடுத்துருச்சு. 1835ல கடனுக்கு ஜெயிலு. 1840ல அந்த ஊருலயே ஒரு மனநோயாளிகள் விடுதியில செத்துப் போனான். கடைசியில வெள்ளைத் துணி வெளுக்கக் காசில்லாம கழுத்துல கறுப்புத் துணி கட்டிக்கிட்டு அலைஞ்சான். போன்னா போதான்னு சொன்னேனா இல்லையா? இன்னைக்கு லண்டன் ஜெர்மின் தெருவுல செலை நிக்கி, 2002ல வச்சாங்க. துணிக்கடைத் தெருவுல வச்சதுனால கடன்காரன் எவனும் ஆட்சேபிக்கலை.

அவன் ஓடிப் போறதுக்குக் கொஞ்சம் முன்னால, அதே இங்கிலாந்துல ஒரு அம்மா இந்த வார்த்தைக்குத் தராசு பிடிச்சிருக்காங்க. ஜேன் ஆஸ்டின். அவங்க எழுதுன 'எம்மா' நாவல் 1815 டிசம்பர்ல வெளிய வந்துச்சு. அதைச் சமர்ப்பணம் பண்ணுனது ஆருக்குன்னு நெனைக்கே? அதே தடிச்ச சேக்காளிக்குத்தான். அந்தம்மாவுக்கு அவரைக் கண்டாலே ஆகாது, அரமனை ஆளு வந்து சொன்னதுனால போட்டாங்க. அதுல எல்டன் பாதிரியார் பெண்டாட்டின்னு ஒருத்தி வாரா. வந்த நாள்ல இருந்து அக்கா வீட்டுக்காரன் பங்களா, அவன் கோச்சு வண்டின்னு ஒரே அளப்பு. ஆளு நல்லாத்தான் கூச்சமில்லாமப் பழகுதா, ஆனா எலிகண்ஸ் இல்லன்னு எம்மா ஒரே பார்வையில தீர்ப்பு எழுதிருதா. இன்னொருத்தி, ஜேன் ஃபேர்ஃபேக்ஸ், வாயே தொறக்க மாட்டா. அவளுக்குத்தான் அந்தப் பட்டம். ஒன் பயோடேட்டாவுல ஒங்க சித்தப்பா கார் வாங்குனதை எதுக்குலே போட்டே?

இன்னும் ஒரு சேதி இருக்கு, அது நேரா ஒன் கழுத்துக்குத்தான் வருது. ஃபவுலர்னு ரெண்டு அண்ணன் தம்பிங்க, கெர்ன்சி தீவுல குடிசை போட்டு ஒக்காந்து இங்கிலீஷை எப்படி எழுதணும்னு ஆராய்ச்சி பண்ணுனவங்க. 1906ல 'கிங்ஸ் இங்கிலீஷ்'னு புத்தகம் போட்டாங்க. பொறவு 1926ல அண்ணன் தனியா 'மாடர்ன் இங்கிலீஷ் யூசேஜ்' போட்டாரு. தம்பி அதுக்குள்ள தவறிட்டாரு. அவங்க ஒரு வியாதிக்கு 'எலிகண்ட் வேரியேஷன்'னு பேரு வச்சாங்க. பேரைக் கேட்டாப் பாராட்டுன்னு நெனைப்பே. சொன்ன வார்த்தையைத் திரும்பச் சொன்னாக் கேவலம்னு நெனைச்சு, ஒரே ஆளுக்கு வரிக்கு ஒரு பேரு வைக்கிற பத்திரிகைக்காரனுக்கு அடிச்ச அடி அது. நீ என்ன பண்ணியிருக்கே? முதல் வரியில ஒன் பேரு. ரெண்டாவது வரியில 'தி பாய்'. மூணாவதுல 'தி இன்ஜினியர்'. நாலாவதுல 'தி யங் ப்ரொஃபெஷனல்'. பொண்ணோட அப்பா படிச்சிட்டு, ஒரே வீட்டுல நாலு மாப்பிள்ளை இருக்காம்போலன்னு மூத்தவன் ஆருன்னு கேட்டுப் போன் பண்ணுனா ஒங்கம்மா என்ன பதில் சொல்லுவா? ஒன் பேரையே நாலு தடவையும் போடு. அசிங்கமா இருக்காது. நம்ம மேடையில பேசுதவன்லாம் ஒரே தலைவருக்கு ஒம்பது பட்டம் சொல்லுதானே, அந்த வியாதிதான் இது, இங்கிலீஷ் சட்டை போட்டுக்கிட்டு வந்திருக்கு.

சரி, ரொம்பத் திட்டிட்டேன். இந்த வார்த்தைக்கு நல்ல எடமும் உண்டு. ஒன் தொழில்லயே 'எலிகண்ட் சொலூஷன்'னு சொல்லுவீங்களாமே. அது என்னன்னு இந்தச் செக் துணியில காட்டுதேன், பாரு. எட்டு வரிசை, வரிசைக்கு எட்டுக் கட்டம், கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி. மொத்தம் 64 கட்டம். இந்த மூலையில ஒரு கட்டம், அதுக்கு எதிர் மூலையில ஒரு கட்டம், ரெண்டையும் வெட்டி எடுத்துட்டேன். மிச்சம் 62. இப்பம் ரெண்டு கட்டம் அளவுக்கு ஒட்டுத் துணி 31 தாரேன். ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம, எங்கயும் வெளிய நீட்டாம, மொத்தத் துணியையும் ஒட்டுப் போட்டு மூடணும். முடியுமா?

நீ என்ன செய்வேன்னு எனக்குத் தெரியும். லேப்டாப்பைத் தொறந்து, ஒவ்வொரு தினுசாப் போட்டுப் பாக்கச் சொல்லி ஓட விட்டுட்டு டீ குடிக்கப் போயிருவே. டீ ஆறுனாலும் அது நிக்காது. 1964ல ஜான் மெக்கார்த்திங்கிற உங்க கம்ப்யூட்டர் தலைவரே, மிஷினுக்கு இது லேசுல ஒடையாத கொட்டைன்னு எழுதி வச்சிருக்காரு. மாக்ஸ் பிளாக்னு ஒரு தத்துவப் பேராசிரியர் 1946ல போட்ட புதிரு இது. இதுக்குப் பதில் மூணு வரி. எதிர் மூலை ரெண்டும் ஒரே கலரு. ஆக ஒரு கலர் 30, மத்தது 32 மிஞ்சும். ஒட்டுத் துணி எங்க வச்சாலும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்துலதான் உக்காரும், ஒரு கறுப்பையும் ஒரு வெள்ளையையும்தான் மூடும். 31 துணிக்கு 31 கறுப்பு, 31 வெள்ளை வேணும், இல்ல. முடிஞ்சுது ஜோலி. ஒட்டுத் துணியைக் கையிலயே எடுக்கலை. நம்ம காஜா எடுக்கப் பையன் இதைக் கேட்டுட்டு, "இதுக்கா இம்புட்டு நேரம்?"னான். அவன் அப்படிக் கேக்கணும். கேட்டாத்தான் அது எலிகண்ட்.

அதனால, மருமவனே, இனிமே இந்த வார்த்தையை எடுக்கதுக்கு முன்ன ரெண்டு நிமிசம் ரோசி. அளவா உடுத்துன ஆளுக்குச் சொல்லலாம். நல்ல கையெழுத்துக்குச் சொல்லலாம். சுருக்கமா முடிஞ்ச கணக்குக்கும், ஒன் கம்ப்யூட்டர்ல எழுதுத புரோகிராமுக்கும் சொல்லலாம். நாசூக்கா ஒருத்தன் கடன் கேட்டு, நீ நாசூக்கா இல்லன்னு சொன்னா, அந்த ரெண்டுக்குமே சொல்லலாம். ஓட்டம், நடை, நடனம் இதுக்கெல்லாம் இங்கிலீஷ்காரன் 'கிரேஸ்'ங்கிறதைத்தான் முதல்ல எடுப்பான். மான் துள்ளுனா அது கிரேஸ், அதுக்கு எதையும் பொறுக்கி எடுக்கத் தெரியாது. எலிகண்ஸுக்கு, இது வேணும் இது வேண்டாம்னு ஒதுக்கித் தள்ளுத ஒரு மண்டை பின்னால இருக்கணும். பிரியாணிக்குச் சொல்லாதே. அபார்ட்மெண்ட் விளம்பரக்காரன் லிஃப்ட் இல்லாத கட்டடத்துக்குச் சொல்லுவான், அவனுக்கு வேற வழியில்ல. ஐரிஷ்காரன் ஒரு காலத்துல நல்லாருக்க எல்லாத்துக்கும், பன்னிக்குட்டிக்குக்கூட, எலிகண்ட்னு சொல்லுவானாம். அவன் மனசு வெள்ளை, விட்டுரு. சொல்லுதப்ப முதல் எழுத்தை அழுத்திச் சொல்லு, எலியைத் தனியாப் பிரிச்சு நிறுத்தாதே, அத்தை காதுல விழும்.

தனக்குத்தானே மட்டும் சொல்லிக்காதே. பொண்ணு வீட்டுக்காரன் வந்து பாத்துட்டுப் போகையில அவனா ஒங்க அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லட்டும். சொல்லலைன்னாலும் தங்கமா வச்சுக் குடும்பம் நடத்தலாம், நான் ஒங்க அத்தைகூட நடத்தலையா?

பேனாவை எடு. அந்த மூணு எலியையும் அடி. சித்தப்பா காரை அடி. ஒன் சம்பளத்தை ஒரு இஞ்சு ஏத்தித் தச்சு, சரியான அளவுக்குக் கொண்டா. ரிசப்ஷன் கோட்டை நான் தச்சுத் தாரேன்: கருநீலம், சங்கிலி கெடையாது, கல்லு கெடையாது, பை வெறும் பை. கோட்டுக்கும் பேண்ட்டுக்குமா சேத்து மூணேகால் மீட்டர் கம்பளி கலந்த துணி எடுத்துட்டு வா, டிரையலுக்கு ரெண்டு தடவை வரணும். தொப்பையை உள்ள இழுத்துக்கிட்டு நிக்காதே, அளவு தப்பிரும். கூலியில பாதியை இன்னைக்கே வச்சிட்டுப் போயிரு. பிரம்மல் கதை தெரிஞ்ச தையல்காரன் எவனும் எலிகண்ட் ஆளுக்குக் கடனாத் தைக்க மாட்டான்.